எதிர் வீட்டு அழுகை

(திருப்பூரில் ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில், பணி ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தின் மதிப்பு எனக்குத் தெரியும். வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் ஓட்டியவர்களுக்குக் கிடைக்கிற ஒரே சாயங்காலம் அது. அதைக் கொண்டுவந்து சிறுத்தையைப் பற்றிய பேச்சுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். வீணாக்காமல் பேசப் பார்க்கிறேன்.

ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். காடு. மற்ற ஊர்க்காரர்களுக்குக் காடு என்றால் யானை, புலி, வானம் தெரியாத மரக்கூட்டம். நம் ஊரில் "அப்பா எங்கே கண்ணு?" என்று கேட்டால், "காட்டுக்குப் போயிருக்காருங்க" என்று பிள்ளை சொல்லும். அவர் போனது சோளக்காட்டுக்கு. புன்செய் எல்லாமே நமக்குக் காடுதான். சோளக்காடு, கடலைக்காடு, கொரங்காடு. சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "உங்கள் ஊரில் ஆளுக்கு நாலு ஏக்கர் காடு இருக்கிறதே, வனத்துறை எப்படி விட்டது?" (சிரிப்பு)

இந்த ஒரு விஷயத்தில் சிறுத்தைக்கும் கொங்குத் தமிழ்தான் தெரியும். வனத்துறையின் வரைபடத்தில் பச்சை வண்ணம் எங்கே முடிகிறது என்று அது பார்ப்பதில்லை. மறைவு இருக்க வேண்டும், தண்ணீர் இருக்க வேண்டும், தின்ன ஏதாவது இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் அதற்கும் அது காடுதான்.

2022 ஜனவரி 24-ஆம் தேதி நடந்ததை இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் மறந்திருக்க மாட்டீர்கள். அவிநாசி பக்கம் பாப்பாங்குளத்தில், மக்காச்சோளக் காட்டுக்குள் போனவர்கள் மேல் ஒரு சிறுத்தை பாய்ந்தது. விவசாயிகளும், தேடப் போன வனத்துறைப் பணியாளரும் காயப்பட்டார்கள். ஆள் உயரத்துக்கு மேலே நின்ற சோளத்துக்குள் அது எங்கே படுத்திருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கூண்டு வந்தது, கேமரா வந்தது, எல்லாவற்றுக்கும் முன்னால் வேடிக்கை பார்க்கிற கூட்டம் வந்தது. இரவோடு இரவாக அது இடம் மாறி, 27-ஆம் தேதி திருப்பூர் அம்மாபாளையம் பக்கத்தில் மயக்க ஊசிக்குப் பிடிபட்டது. பனியன் கம்பெனிகளின் சத்தம் கேட்கிற இடம் அது. அதற்குச் சில நாள் முன்புதான் கோவை குனியமுத்தூர் பக்கம் ஆளில்லாத ஒரு குடோனுக்குள் புகுந்த இன்னொரு சிறுத்தை பல நாள் போக்குக் காட்டிவிட்டுக் கூண்டில் சிக்கியது.

மறு வருடம் ஊதியூர். காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற வழியில், கொங்கணச் சித்தர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்த ஒற்றை மலை. சுற்றிலும் மேய்ச்சல் நிலம், பட்டி, தோட்டம். 2023-ல் அங்கே சிறுத்தை வந்து ஆடுகளையும் கன்றுகளையும் அடித்தது. மாதக்கணக்கில் அந்த வட்டார மக்கள் இருட்டியபின் வெளியே தலை காட்டவில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்க வேண்டியது இவ்வளவு தூரம் ஏன் வருகிறது என்று கேட்கிறீர்கள். எனக்கு அந்தக் கேள்வி கொஞ்சம் திருப்பிக் கேட்க வேண்டியதாகப் படுகிறது. வந்தபின் இங்கே தங்குவதற்கு நாம் என்னென்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம்?

முதல் ஏற்பாடு மக்காச்சோளம். பல்லடத்திலும் நாமக்கல்லிலும் கோழிப்பண்ணைகள் பெருகப் பெருக, தீவனத்துக்காக மக்காச்சோளமும் பெருகியது. நம் பழைய கம்புக்காட்டிலும் கடலைக்காட்டிலும் ஒரு நாய் ஓடினால்கூடத் தெரியும். மக்காச்சோளத்துக்குள் ஒரு யானையே நிற்கலாம். அதற்குள் காட்டுப்பன்றி குடித்தனம் நடத்துகிறது. அதன் குட்டிகள் சிறுத்தைக்குத் தீனி. இரண்டாவது ஏற்பாடு கோழிக்கழிவு. சாலையோரத்திலும் குட்டை ஓரத்திலும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டுகிறோம். அதைத் தின்று தெருநாய் பெருகுகிறது. தெருநாய் சிறுத்தைக்கு எவ்வளவு பிடித்த சாப்பாடு என்பதைப் பிறகு சொல்கிறேன். மூன்றாவது ஏற்பாடு காவல் இல்லாத பட்டி. இந்த மூன்றாவதுதான் இன்றைய என் பேச்சு.

கொரங்காடு என்று சொன்னேன். இங்கே உட்கார்ந்திருக்கிற இளைஞர்கள் சிலர் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர் வட்டாரத்தில் மழையை மட்டும் நம்பி நம் முன்னோர் உண்டாக்கிய மேய்ச்சல் நிலம் அது. தரையில் கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், நாலு பக்கமும் முள்கிளுவை உயிர்வேலி. காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் அதில்தான் வளர்ந்தன. வேலி உயிரோடு இருப்பதால் பகலில் ஆட்டை உள்ளே விட்டுவிட்டு ஆள் வேறு வேலைக்குப் போய்விடலாம். ராத்திரியில் பட்டியில் அடைப்பார்கள். பட்டி ஓரத்தில் ஒருவர் கட்டிலைப் போட்டுப் படுப்பார். கையில் ஒரு தடி, பக்கத்தில் இரண்டு நாய். நாய்க் கழுத்தில் ஆணி வைத்த பட்டை. சிறுத்தையும் ஓநாயும் கழுத்தைத்தான் பிடிக்கும் என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

அந்தக் கட்டில் இப்போது காலி. அதில் படுத்த பையன் எங்கே? பேருந்து பிடித்து இங்கே வந்து ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கிறான். நைட் ஷிப்டில் செக்கிங் பார்க்கிறான். நான் குறை சொல்லவில்லை. வெயிலில் ஆட்டின் பின்னால் நடப்பதைவிட இங்கே கூலி அதிகம், அவன் தங்கையின் கல்யாணம் அந்தக் கூலியில்தான் நடந்தது. ஆனால் கணக்கு என்று வந்தால் சரியாகச் சொல்லவேண்டும். பட்டிக்காவலனை எடுத்துக்கொண்ட ஊர் திருப்பூர். மேய்ச்சல் நிலத்தில் இன்று அறுபது எழுபது வயதுக்காரர்கள்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு ராத்திரி பனி ஆகாது. பட்டியைச் சாத்திவிட்டு ஊருக்குள் வந்து படுத்துக்கொள்கிறார்கள். காலையில் போய்ப் பார்க்கிறார்கள்.

காலையில் போய்ப் பார்த்துவிட்டு அவர்கள் ஓடிவந்தது என்னிடம். அப்படி ஒரு காலையைச் சொல்கிறேன்.

வெள்ளகோவில் பக்கம். பெரியவர் ஒருவரின் பட்டி. 14 ஆடு செத்துக் கிடந்தது, ஆறேழு குற்றுயிராகக் கிடந்தது. ஊரே கூடியிருந்தது. எல்லார் வாயிலும் சிறுத்தை. செய்திக்காரர்களுக்கும் தகவல் போய்விட்டது. நான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். சிறுத்தை ஆட்டைக் கொல்கிற விதம் சுத்தமானது. தொண்டையைக் கவ்வி மூச்சை நிறுத்தும். தோலை உரித்துப் பார்த்தால் கோரைப்பல் இறங்கிய ஓட்டைகள் தொண்டையில் ஆழமாக, எதிரெதிரே இருக்கும். பெரும்பாலும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் மறைவில் வைத்துத் தின்னும். இங்கே பார்த்தது வேறு. பின்னங்கால் சதை கிழிந்திருந்தது. காது கிழிந்திருந்தது. ஒரு தாய் ஆட்டின் மடி தொங்கிக்கொண்டிருந்தது. துரத்தித் துரத்திக் கடித்த கடி. தின்றது கொஞ்சம், கொன்றது நிறைய. தண்ணீர்த் தொட்டி ஓரத்துச் சேற்றில் தடம் பதிந்திருந்தது. ஒவ்வொரு விரலுக்கும் முன்னால் நகம் குத்திய புள்ளி. பூனைச் சாதி நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். தடத்தில் நகம் தெரியாது. வந்தது நாய்க்கூட்டம்.

பெரியவரைத் தனியே அழைத்துச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"அப்ப இதுக்குக் காசு வராதுங்களா டாக்டரு?"

அன்றைக்கு இருந்த நிலை அதுதான். சிறுத்தை அடித்தால் வனத்துறை நிவாரணத்துக்கு எழுதலாம். நாய் கடித்தால் யாரும் இல்லை.

"சிறுத்தைன்னே எழுதிக் குடுங்க சாமி. அது என்ன கோர்ட்டுக்கா வரப்போகுது?"

நான் எழுதிக் கொடுக்கவில்லை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 14 ஆடு என்றால் அவருக்கு ஒரு லட்ச ரூபாய்க்கு மேலே. அவர் பொய்க்காரர் இல்லை. எந்தப் பெயரைச் சொன்னால் கதவு திறக்குமோ அந்தப் பெயரைச் சொன்னார். நம் ஊரில் சிறுத்தையின் தலையில் ஏறிய பழியில் ஒரு பங்கு இப்படி ஏறியது. நாயின் குற்றத்துக்குச் சிறுத்தை மேல் எஃப்.ஐ.ஆர்.

பிறகு நாய்த்தொல்லை எல்லை மீறியது. காங்கேயம், வெள்ளகோவில் விவசாயிகள் செத்த ஆடுகளைச் சாலைக்கே கொண்டுவந்து போட்டுப் போராடினார்கள். அதன் பலனாக நாய் கடித்துச் செத்த கால்நடைக்கும் அரசு நிவாரணம் அறிவித்தது. அந்தப் போராட்டத்தில் நின்றவர்களுக்கு ஒன்று சொல்வேன். நீங்கள் உங்களை அறியாமல் சிறுத்தைக்காகவும் போராடியிருக்கிறீர்கள்.

சரி, உண்மையாகவே சிறுத்தை அடித்தால்?

இந்தக் கேள்விக்கு நம் ஊர்ப் பழைய பதில் கல்லில் இருக்கிறது. கொங்கு நாட்டில் புலிகுத்திக்கல் இல்லாத வட்டாரம் குறைவு. தாவி நிற்கிற புலி, அதன் வயிற்றில் ஈட்டியைப் பாய்ச்சுகிற வீரன். ஆநிரையையும் பட்டியையும் காக்கப் போய் உயிர் விட்டவனுக்கு ஊர் எடுத்த கல். சிறுத்தையையும் சிறுத்தைப்புலி என்று சொன்னவர்கள்தான் நாம். இன்றும் சில ஊர்களில் அந்தக் கல்லுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். அந்த வீரனை நான் கும்பிடுகிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கல்லில் அவன் நேருக்கு நேர் நிற்கிறான். தன் உயிரைப் பணயம் வைத்து நிற்கிறான்.

இன்றைக்கு நடப்பது அப்படியா? செத்த ஆட்டின் தொடையைக் கீறிப் பூச்சிமருந்தைத் தடவிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வது. வேலியில் கரண்டைக் கொடுத்துவிடுவது. கம்பியில் சுருக்கு வைப்பது. பன்றிக்கென்று அவுட்டுக்காய் என்கிற வெடியைப் போட்டுவிட்டு எது கடித்து வாய் சிதறினாலும் சரி என்று இருப்பது. இதில் எந்தக் கல்லை நடுவது?

2023 செப்டம்பரில் நீலகிரி எமரால்டு பக்கம் இரண்டு புலிகள் நீர்நிலை அருகே செத்துக் கிடந்தன. தன் மாட்டைப் புலி அடித்த ஆத்திரத்தில், செத்த மாட்டின் உடலில் விஷம் வைத்ததாக மாட்டின் சொந்தக்காரர் கைதானார். மாடும் போனது, மனிதரும் உள்ளே போனார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, சிறுத்தையை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி, மனித உயிருக்கு ஆபத்தான விலங்கைக்கூட, பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்ற நிலையில்தான் மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் சுட உத்தரவிட முடியும். கலெக்டர் நினைத்தாலும் முடியாது, ஊர்த்தலைவர் நினைத்தாலும் முடியாது.

சட்டத்தை விடுங்கள். மருத்துவனாகச் சொல்கிறேன். விஷம் ஒரு வயிற்றோடு நிற்பதில்லை. நான் பார்த்த ஒரு சம்பவம். ஒரு தோட்டத்தில் மருந்து வைத்த ஆட்டை முதலில் காக்கை கொத்தியது. கிணற்று மேட்டில் நாலு காக்கை. அடுத்து ஒரு கீரி. மூன்றாம் நாள் அவர் வீட்டு நாயை என்னிடம் தூக்கி வந்தார்கள். வாயில் நுரை, கால்கள் விறைத்து வெட்டிக்கொண்டிருந்தன. அந்த வீட்டுப் பெண்குழந்தை அழுதுகொண்டே நாயின் தலையைப் பிடித்திருந்தது. தகப்பன் என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். என்ன வைத்தாய் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஊசியை ஏற்றினேன். நாய் பிழைக்கவில்லை. எந்தச் சிறுத்தைக்காக வைத்தாரோ அது அந்தப் பக்கமே வரவில்லை.

சிறுத்தையோடு போகிற கதையும் இல்லை இது. நரியை விரட்டி விரட்டி அடித்தோம். நரி முகத்தில் விழித்தால் யோகம் என்று சொல்லிக்கொண்டே அடித்தோம். இன்று மயில் வந்து நட்ட விதையைப் பொறுக்குகிறது, தக்காளியைக் கொத்துகிறது என்று புலம்பாத விவசாயி இல்லை. முட்டையைத் தின்ன நரி இல்லாததால்தான் மயில் பெருத்தது என்று மேய்ச்சல்காரப் பெரியவர்களே சொல்கிறார்கள். சாரைப்பாம்பை அடித்துப் போட்டுவிட்டு எலிக்கு மருந்து வாங்கக் கடைக்குப் போகிறோம்.

அப்படியென்றால் சிறுத்தையைப் பிடித்துக் காட்டில் விட்டுவிடலாமே என்பீர்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. செய்து பார்த்தார்கள். மகாராஷ்டிரத்தில் புனே பக்கம் ஜுன்னர் என்கிற கரும்பு வட்டாரம். 2001 முதல் 2003 வரை அங்கே சிறுத்தைகளைக் கூண்டு வைத்துப் பிடித்து வேறு காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். வன உயிரின ஆய்வாளர் வித்யா அத்ரேயாவும் அவர் குழுவினரும் அந்தக் கணக்கை ஆராய்ந்தார்கள். அதற்கு முன்னால் ஆண்டுக்குச் சராசரி 4 என்று இருந்த மனிதர் மேலான தாக்குதல், பிடித்து விட்ட காலத்தில் 17 ஆக ஏறியிருந்தது. காரணம் யோசித்தால் புரியும். ஊருக்குப் பழகி ஒதுங்கி வாழ்ந்த மிருகத்தைப் பிடித்து, கூண்டில் அடித்துப் புரள விட்டு, பல்லும் நகமும் உடைந்த நிலையில் தெரியாத இடத்தில் இறக்கிவிடுகிறோம். அது பழைய இடத்தைத் தேடி வழியெல்லாம் ஊர் ஊராக நடக்கும். காலியான இடத்துக்கோ ஊரறியாத இளம் சிறுத்தை ஒன்று வந்து சேரும். 2011-ல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் இப்படிக் கண்ணில் பட்ட சிறுத்தையையெல்லாம் பிடிப்பதை வேண்டாம் என்கின்றன.

அதே மகாராஷ்டிரத்தில் அகோலே என்ற இடம். கரும்புத் தோட்டமும் வீடும் பள்ளிக்கூடமுமாக இருக்கிற, காடே இல்லாத விவசாய வட்டாரம். அங்கே கேமரா வைத்துக் கணக்கெடுத்தபோது 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 வளர்ந்த சிறுத்தைகள் இருந்தன. சிறுத்தையின் எச்சத்தைப் பொறுக்கி ஆராய்ந்து என்ன தின்கிறது என்றும் பார்த்தார்கள். ஆடு அந்த ஊரில் நாயைவிடப் பல மடங்கு அதிகம். ஆனாலும் சிறுத்தை தின்றதில் நாயின் பங்கு 39 சதவீதம், வெள்ளாட்டின் பங்கு 11 சதவீதம். ஏன்? ஆடு ராத்திரியில் அடைபட்டிருந்தது. நாய் தெருவில் கிடந்தது. சிறுத்தை சோம்பேறி. எது சுலபமோ அதைத்தான் எடுக்கும். நம் பாடம் முழுக்க இந்த ஒரு கணக்கில் இருக்கிறது.

இங்கே நான் ஒன்றை மறைக்கக் கூடாது. ஆளைக் கொல்லாத விலங்கு என்று சிறுத்தைக்கு நான் சான்றிதழ் கொடுக்க மாட்டேன். 2025-ல் வால்பாறை தேயிலைத் தோட்டங்களில் வடமாநிலத் தொழிலாளர் வீட்டுக் குழந்தைகளைச் சிறுத்தை தூக்கியது. பிழைப்புக்கு வந்த குடும்பங்கள். நம் பனியன் கம்பெனி லைன் வீடுகளில் இருக்கிறார்களே, அவர்களைப் போன்றவர்கள். அந்தத் தாயிடம் போய்ச் சிறுத்தையும் ஓர் உயிர்தானே என்று சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. சொல்லவும் கூடாது.

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அவிநாசி நினைவுக்கு வருகிறது. பாப்பாங்குளத்துக்குப் பக்கத்து அவிநாசிதான். அந்தத் தலத்தின் கதை உங்களுக்குத் தெரியும். இரண்டு சிறுவர்கள் குளத்தில் குளிக்கப் போனார்கள். ஒருவனை முதலை விழுங்கியது. ஆண்டுகள் கழித்துச் சுந்தரர் அந்தத் தெருவில் வருகிறார். ஒரு வீட்டில் பிழைத்த பையனுக்குப் பூணூல் கல்யாணம், மேளச்சத்தம். எதிர் வீட்டில் அழுகை. அந்த அழுகை என்ன என்று சுந்தரர் நின்று விசாரிக்கிறார். பிறகு குளக்கரைக்குப் போய்ப் பதிகம் பாட, முதலை பிள்ளையைக் கொண்டுவந்து கரையில் விடுகிறது. பிள்ளை அத்தனை வருட வளர்ச்சியோடு வருகிறான்.

சின்ன வயதில் எனக்கு முதலைதான் அதிசயமாக இருந்தது. இப்போது எனக்குப் பெரிதாகத் தெரிவது, அவர் எதிர் வீட்டு வாசலில் நின்றது. மேளம் கேட்ட வீட்டுக்குள் போய்ச் சாப்பிட்டுவிட்டு நடையைக் கட்டியிருக்கலாம். நின்று கேட்டார். குளத்து முதலையைக் குத்திக் கொல்லுங்கள் என்றும் அவர் சொல்லவில்லை. போனது திரும்ப வேண்டும் என்று பாடினார்.

சிறுத்தைக் கணக்கெடுப்பின் முடிவு 2024-ல் வெளியானது. நாட்டில் 13,874. தமிழ்நாட்டில் 2018-ல் 868 ஆக இருந்தது 2022 கணக்கெடுப்பில் 1,070 ஆகியிருக்கிறது. மேளம் கொட்ட வேண்டிய சேதிதான். கொட்டினோம். நம் மாவட்டத்திலேயே அமராவதி அணையில் முதலைப் பண்ணை வைத்தோம், ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதி உடுமலைப் பக்கம் நம் மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது. எல்லாம் பெருமை. ஆனால் எதிர் வீட்டில், வெள்ளகோவில் பெரியவரின் பட்டியில், அழுகைச் சத்தம் கேட்கிறது. சிறுத்தை நாட்டின் சொத்து. அது தின்ற ஆடு ஒரு தனி மனிதரின் சொத்து. நாட்டின் சொத்துக்கு அவர் மட்டும் ஏன் தீனி போடவேண்டும்?

ஒருவர் லாபத்தின் செலவை இன்னொருவர் தலையில் கட்டினால் என்ன ஆகும் என்பது திருப்பூருக்குத் தெரியாததா? சாயத்தண்ணீரை நொய்யலில் விட்டோம். 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் சாயக்குட்டை ஆனது. கீழே இருந்த விவசாயிகள் நீதிமன்றம் ஏறினார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே ஸ்தம்பித்தது. அதன் பிறகுதான் சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்பு உண்மையாகவே நடக்கத் தொடங்கியது. இன்று அதையே பெருமையாகச் சொல்லி ஆர்டர் பிடிக்கிறோம். கட்டாயத்தில் கற்ற பாடம், ஆனால் கற்றோம்.

இனி என்ன செய்யலாம்? மேடையில் சொல்லிவிட்டுப் போகிற யோசனையாக இல்லாமல், நாளைக்கே கை வைக்கக்கூடியதாகச் சொல்கிறேன்.

முதல் வேலை பட்டி. ஏழடி உயரத்துக்குக் கம்பிவலை, அடியில் ஓரடி மண்ணுக்குள். மேலேயும் வலை, கூரையை விட்டுவிட்டால் பாதி வேலைதான். லடாக்கில் பனிச்சிறுத்தை ஆட்டுக்கொட்டிலுக்குள் குதித்து ஒரே ராத்திரியில் பத்து இருபதைக் கொன்றுபோடும். அங்கே கொட்டிலின் மேல் வலைக்கூரை போட்டார்கள், கதவைக் கெட்டியாக்கினார்கள். அந்தக் கொட்டில்களில் கொலை நின்றது. பழிக்குப் பழியாகப் பனிச்சிறுத்தையைக் கல்லால் அடித்துக் கொல்வதும் குறைந்தது. கம்பிவலை போட்டால் நாய்க்கும் சேர்த்துப் பூட்டுப் போட்டதாகும். ஒரே செலவில் இரண்டு வேலை.

இரண்டாவது, நாய். ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டில் சிவிங்கிப்புலியை விவசாயிகள் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். 1994 முதல் அங்கே ஒரு பாதுகாப்பு நிறுவனம் துருக்கியின் அனடோலிய இன மந்தைநாய்க் குட்டிகளை வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுக்கிறது. குட்டியிலேயே ஆட்டோடு வளர்ந்து ஆட்டைத் தன் சொந்தமாக நினைக்கிற நாய். நமக்கு வெளிநாட்டு நாய் வேண்டாம். ஆணிப்பட்டை கட்டிய நம் பட்டிநாயை மறக்காமல் இருந்தால் போதும். தெருநாய்க்குக் கருத்தடை, கோழிக்கழிவு கொட்டுகிறவருக்கு அபராதம். இவை இரண்டும் உள்ளாட்சியின் வேலை. கேட்டு வாங்கவேண்டியது நம் வேலை.

மூன்றாவது, சிறுத்தை வந்தால் கூட்டம் கூடாமல் இருப்பது. பாப்பாங்குளத்தில் நாம் போன் கேமராவை நீட்டிக்கொண்டு வரப்பில் நின்றோம். நாலு பக்கமும் ஆள் நின்றால் அதற்கு வெளியேற வழி ஏது? வழி விட்டால் பெரும்பாலும் இருட்டில் போய்விடும். மறித்தால் பாயும்.

நான்காவது, பணம். இங்கே ஒரு லேபிள் கதை சொல்கிறேன், உங்கள் தொழில் கதை. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் 1990-களில் சில ஆட்டுக்காரர்கள், ஓநாயையும், கயோட்டி என்கிற அதன் சிறிய இனத்தையும் கொல்ல மாட்டோம், காவல் நாயையும் வேலியையும் வைத்துச் சமாளிப்போம் என்று முடிவெடுத்தார்கள். அந்த ஆட்டின் கம்பளிக்கு, வேட்டை விலங்குகளுக்கு இணக்கமானது என்று ஒரு முத்திரை குத்திக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். வாங்க ஆள் இருந்தது.

நம் மேச்சேரி ஆட்டில் கம்பளி கிடையாது, நம் பனியன் பருத்தி என்று எனக்கும் தெரியும். ஆனால் லேபிளின் சக்தி திருப்பூருக்குத் தெரிகிற அளவுக்கு வேறு எந்த ஊருக்குத் தெரியும்? இயற்கைப் பருத்திக்கு ஒரு சான்று, சாயத்துக்கு ஒரு சான்று, தண்ணீருக்கு ஒரு சான்று என்று ஆடிட்டுக்கு ஆள் வைத்து வாழ்கிற ஊர் இது. 2024-25-ல் திருப்பூரின் ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். நூறு ரூபாய்க்கு ஒரு பைசா ஒதுக்கினால் 4 கோடி. ஒரு நல்ல பட்டிக்கு 50,000 ரூபாய் என்று வையுங்கள். வருடத்துக்கு 800 பட்டி. தானம் கேட்கவில்லை. பட்டிக்காவலனை எடுத்துக்கொண்டீர்களே, அவன் படுத்த கட்டிலுக்கு வாடகை கேட்கிறேன்.

முடிக்கிறேன். அந்த வெள்ளகோவில் பெரியவரை ஓய்வு பெற்றபின் ஒருநாள் பார்க்கப் போனேன். மகன் இங்கே கட்டிங் மாஸ்டர். இரண்டு போனஸைச் சேர்த்து அப்பாவுக்குப் பட்டி கட்டிக் கொடுத்திருக்கிறான். கம்பிவலை, மேலே கூரைவலை, இரும்புக் கதவு. மூலையில் ஒரு சோலார் விளக்கு. பெரியவர் என்னைப் பட்டியைச் சுற்றிக் கூட்டிப்போனார். பின்பக்கம், முதல் நாள் தூறலில் ஈரமான மண்ணில் ஒரு இடத்தைக் காட்டினார். தடம். அகலமான உள்ளங்கால், நாலு விரல், நகம் இல்லை. வேலியை ஒட்டியே ஒரு சுற்றுச் சுற்றி, கதவருகே கொஞ்சம் நின்று, கிளுவை வேலியைத் தாண்டிக் கிழக்கே போயிருந்தது.

எனக்குக் கொஞ்சம் படபடத்தது. "வனத்துறைக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"சொல்லியாச்சுங்க. வந்து பாத்துட்டுப் போனாங்க."

"பயமா இல்லீங்களா?"

அவர் கதவின் கொண்டியை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். உள்ளே ஆடுகள் அசை போட்டுக்கொண்டிருந்தன.

"அது வந்து சுத்திப் பாத்துச்சுங்க டாக்டரு. ஒண்ணும் ஆகலைன்னு போயிருச்சு. அது அது பொழப்ப அது பாக்குது, போகட்டும் விடுங்க."